பதின்மூன்று ஆண்டுகளின் கணக்கு

1813 பிப்ரவரியில் கார்டன் ஹால், சாமுவேல் நாட் என்னும் அமெரிக்க மிஷனரிகள் இருவர் மும்பையில் வந்திறங்கினர். வெளியேறுமாறு கம்பெனி அரசு ஆணையிட்டது. ஆளுநர் ஈவான் நெப்பியனுக்கு ஹால் மன்றாடி எழுதிய பின்னரே தங்க வழி பிறந்தது. 1815இல் நாட் உடல்நலம் குன்றி நாடு திரும்பினார். ஹால் மராத்தி கற்றார்; கடைத்தெருக்களிலும் கோயில் வாசல்களிலும் பேசினார்; பள்ளிகள் நடத்தினார்; அச்சகம் நிறுவப்பட்டது. ஞானஸ்நானம் பெற்றோரையோ விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மிஷன் வரலாறுகள் இக்காலத்தை 'விதைப்பின் காலம்' என்று கடந்துவிடுகின்றன. வசதியான உருவகம்தான். ஆனால் நிலத்துக்கு வாய் இல்லை, மும்பைவாசிகளுக்கு இருந்தது. அவர்கள் கேட்டனர், வாதாடினர், சிரித்தனர், மறுத்தனர். அம்மறுப்பைப் பலனின்மை என்று பதிவது ஒரு தரப்பின் கணக்கு மட்டுமே. மறுதரப்பில் அது சிந்தித்துச் சொன்ன விடை. அவ்விடையை ஆண்டுதோறும் கேட்டும் ஹால் அங்கேயே தங்கினார் என்பதே வியப்புக்குரியது. 1825இல் மனைவி மக்களை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் நின்றார். மறு ஆண்டு மார்ச் மாதம் நாசிக் பக்கம் சென்றபோது அங்கே காலரா பரவியிருந்தது. கையிலிருந்த மருந்தைப் பிறருக்குப் பகிர்ந்தளித்தவர், திரும்பும் வழியில் அதே நோய்க்கு இரையானார். வயது 41. மராத்திப் புதிய ஏற்பாடு அச்சில் நிறைவுற்றதும் அந்த 1826இல்தான்.

தமிழ் ஆய்வாளருக்கு இதில் ஒரு கிளைக்கதை உண்டு. ஹாலின் தோழர் சாமுவேல் நியூவெல் 1814இல் மும்பைக்கு வருமுன் இலங்கையில் சில மாதங்கள் தங்கியிருந்தார். அத்தீவைக் குறித்து அவர் அனுப்பிய செய்திகளும் சேர்ந்தே 1816இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் தோன்றக் காரணமாயின. அதன் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சைவராக வாழ்ந்து, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். இதை எந்தப் பத்தியில் வரவு வைப்பது? நியூவெல் இவற்றில் எதையும் காணவில்லை. 1821இல் மும்பையில் அவரையும் காலரா கொண்டுபோயிற்று.

மராத்திக் கவிஞர் நாராயண வாமன் திலக் 1895 பிப்ரவரி 10 அன்று மும்பையில் ஞானஸ்நானம் பெற்றதை ஹாலின் உழைப்புக்குக் கிடைத்த தாமதமான விளைச்சலாகக் காட்ட விரும்புவோர் உண்டு. கோடு அவ்வளவு நேராக ஓடவில்லை. நாக்பூரிலிருந்து ராஜ்நந்த்காவ் சென்ற ரயிலில் உடன் பயணித்த ஐரோப்பியர் ஒருவர், கவிதை பற்றிய உரையாடலின் முடிவில், புதிய ஏற்பாட்டுப் பிரதி ஒன்றைத் திலக்கிடம் கொடுத்தார். கொடுத்ததை வாங்கிக்கொண்டோமே என்பதற்காகவே படிக்கத் தொடங்கிய திலக், மலைப்பிரசங்கத்தில் கட்டுண்டார். அவர் மதம் மாறியதால் மனைவி லட்சுமிபாய் ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்தார். பின்னர் அவரும் தம் வழியில் அந்நம்பிக்கைக்கு வந்து, அத்துயரையும் நகைப்பையும் 'ஸ்மிருதிசித்ரே' நூலில் எழுதினார். ரயிலில் புத்தகம் கொடுத்தவரின் பெயர் திலக்குக்குத் தெரியாது.