ஆஸ்பத்திரியும் ஓட்டலும் அக்கா தங்கை!

'தினம் பத்து சொல், முப்பது நாளில் முந்நூறு சொல்' என்று ஆசை காட்டும் ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். கணக்கு என்னவோ சரிதான். ஆனால், பதினோராம் நாள் புரட்டினால் முதல் நாள் படித்த பத்தும் மறந்துபோயிருக்கும்.

பீகாரிலிருந்து வந்து புதுச்சேரியில் குடியேறிய அந்தப் பெண்ணுக்கும் அதுதான் நடந்தது. ஹிந்தி மீடியத்தில் பி.ஏ. படித்தவள். கணவருக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. அவளுக்கு ஒயிட் டவுனில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. அங்கே ரிசப்ஷனில் ஓர் இடம் காலியானது.

"வடக்கேர்ந்து நிறைய பேர் வர்றாங்க. ஹிந்தி உனக்குத் தெரியும், தமிழும் ஓரளவு வந்துடுச்சு. இங்கிலீஷைத் தேத்திக்கிட்டா இந்த இடம் உனக்குத்தான். ஒரு மாசம் டைம்" என்றார் மேலாளர்.

சம்பளம் நாலாயிரம் ரூபாய் கூடும். மகளின் டியூஷன் பணம் அதில் வந்துவிடும். புத்தகம் வாங்கினாள். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, பன்னிரண்டு மணி வரை மனப்பாடம் செய்தாள். ஒன்றும் நிற்கவில்லை.

முத்தியால்பேட்டையில் அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஒரு 'சொல்தா' தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். மாடிப்படியில் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"இதென்னம்மா, ஊர் பேர் தெரியாதவங்களை எல்லாம் வரிசையா நிக்க வெச்சிருக்கான்? சொல்லுக்கும் சொந்தபந்தம் இருக்கும்மா. பிரெஞ்சுல சொல்தா, இங்கிலீஷ்ல சோல்ஜர். ரெண்டும் ஒரே குடும்பம். ஆஸ்பத்திரிக்கு உங்க ஊர்ல என்ன சொல்வீங்க?"

"அஸ்பதால், தாத்தா."

"பிரெஞ்சுல ஒப்பிதால். அதுல 'ஓ' தலையில ஒரு குட்டித் தொப்பி போடுவோம். முன்னாடி அங்க ஒரு 'எஸ்' இருந்து போயிடுச்சுன்னு அடையாளம். அந்த 'எஸ்'ஸைத் திருப்பி வெச்சா, ஹாஸ்பிடல்! ஓத்தெல்லுக்கும் அதே தொப்பி. 'எஸ்'ஸை வெச்சா ஹாஸ்டல்!"

விருந்தினரையும் விருந்து தருபவரையும் குறிக்கும் ஒரு லத்தீன் சொல்லிலிருந்து வந்த பிள்ளைகள்தான் ஹாஸ்பிடல், ஹோட்டல், ஹாஸ்டல், ஹோஸ்ட், ஹாஸ்பிடாலிட்டி, ஹாஸ்பிஸ் எல்லாம். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தன. நம் மேரி கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 நவம்பரில் இடிந்து விழுந்து, மறுபடி எழும்பிய அதே கட்டடம்தான். 'மேரி' என்றால் மேயர் அலுவலகம். மேயரும் அதே குடும்பம்!

ஹிந்தி பேசுகிறவர்களுக்கு இன்னொரு வழியிலும் சொந்தம் உண்டு. சம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1786-ல் கல்கத்தாவில் சொன்னார் சர் வில்லியம் ஜோன்ஸ். தானம் - டொனேட், அக்னி - இக்னைட், மிருத்யு - மார்ட்டல், சர்ப்பம் - செர்பென்ட், யுவா - ஜுவனைல்... எல்லாம் தூரத்து உறவு. நமக்கும் இவை புதிதல்ல. பாதசாரியில் இருக்கும் பாதம்தான் பெடஸ்டிரியனிலும் இருக்கிறது!

இந்த உறவுத் தேடல் புதுச்சேரிக்கு அந்நியமும் அல்ல. 1910-ல் இங்கே வந்த ஸ்ரீஅரவிந்தர் தமிழ்ச் சொற்களை ஆராய்ந்தபோது, சம்ஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் இடையே புதிய உறவுகளைக் காண அவை தனக்கு வழிகாட்டின என்று எழுதியிருக்கிறார்.

அன்றைக்கே அவள் ஒரு நோட்டு போட்டாள். பக்கத்துக்கு ஒரு குடும்பம். கூடவே அந்தச் சொல்லை வைத்து, தன் வேலையில் நிஜமாகவே பேசக்கூடிய ஒரு வாக்கியம். மறுநாள் அதை யாரிடமாவது பேசிப் பார்த்துவிடுவாள்.

தாத்தா ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். "எல்லாச் சொந்தத்தையும் நம்பிடாதே. பிரெஞ்சுல 'லிப்ரெரி'ன்னா புத்தகக் கடை. லைப்ரரின்னு நினைச்சு உள்ள போனா, காசு கேப்பான்!"

நேர்காணலில், "ஹாஸ்பிடாலிட்டி என்றால் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். புத்தகத்தில் இருந்த விளக்கம் அவளுக்கு வரவில்லை. "ஹோட்டலும் ஹாஸ்பிடலும் ஒரே குடும்பம் சார். ரெண்டு இடத்துக்கும் வர்றவங்களுக்கு ஒரு படுக்கையும் ஒரு நல்ல வார்த்தையும் தேவை" என்று திக்கித் திணறி ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். மூன்று மாதம் சோதனை முறையில் வேலை கொடுத்தார்கள்.

போன வாரம் ஒரு வெளிநாட்டுக்காரர் பில்லைக் காட்டி, "டிஸ்கிரிபன்ஸி" என்றார். அவள் கூச்சப்படாமல் இன்னொரு முறை சொல்லச் சொல்லி, பில்லைச் சரிபார்த்து, கூடுதலாகப் போட்டிருந்த தொகையைக் குறைத்துக் கொடுத்தாள். ராத்திரி நோட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். அந்தச் சொல்லின் சொந்தம் தாத்தாவுக்கும் பிடிபடவில்லை.

"தனியா வந்திருக்கிற விருந்தாளின்னு வெச்சுக்கோம்மா. அதுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கு" என்றார்.