முகமும் பெயரும்

தேவாலாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வீட்டுச் சுவர்களும் ஈரம் கசியும். பர்மா போர்முனையில் சிப்பாயாக இருந்த என் நன்னாவின் ஒரே புகைப்படம் அப்படியொரு மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்து அழிந்தது. முகம் இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு மட்டுமே மிஞ்சியது.

சென்ற மாதம் பள்ளியில் குடும்ப வரலாறு எழுதிவரச் சொன்னார்கள். என் மகன் கைப்பேசியில் ஒரு படத்தைக் கண்டெடுத்தான். கைத்துப்பாக்கியை உயர்த்திப் பிடித்து, பின்னால் இருப்போரைத் திரும்பி அழைத்தபடி முன்னேறும் ஒரு போர்வீரர். "இதையே நன்னா என்று ஒட்டிவிடுகிறேன், அத்தா. யாருக்குத் தெரியப் போகிறது?" என்றான்.

கோபம் வந்தது. ஆயினும் அடக்கிக்கொண்டு அந்தப் படத்தின் கதையைச் சொன்னேன்.

1942 ஜூலையில், இன்றைய உக்ரைனின் லுஹான்ஸ்க் பகுதியில், சோவியத் புகைப்படக்காரர் மாக்ஸ் ஆல்பர்ட் எடுத்த படம் அது. எடுத்த சில கணங்களில் குண்டுச் சிதறல் ஒன்று அவருடைய கேமராவைத் தாக்கியது. 'கொம்பாத் கொல்லப்பட்டார்' என்ற கூக்குரல் அவர் காதில் விழுந்தது. கொம்பாத் என்றால் பட்டாலியன் தளபதி. தாம் படமெடுத்தவரே அவர் என்றெண்ணிப் படத்துக்கும் அப்பெயரையே இட்டார். படம் உலகெங்கும் புகழ்பெற்றது; அதிலிருந்தவரோ நெடுங்காலம் பெயரற்றவராகவே இருந்தார். 1970களில்தான் ஒரு குடும்பம் அந்த முகத்தைத் தங்களுடையவர் என அடையாளம் கண்டது. அவர் பெயர் அலெக்ஸேய் யெரெமென்கோ என்று இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. அவர் தளபதியும் அல்லர். படைப்பிரிவின் இளநிலை அரசியல் அதிகாரி. போரிலிருந்து அவர் வீடு திரும்பவில்லை.

"முப்பது ஆண்டுகள் கழித்து அவர் பிள்ளைகளுக்குக் கிடைத்த முகத்தை நாம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். அவன் பேசவில்லை. எவரையும் அவரவர் தந்தையின் பெயராலேயே அழைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. முகம் அழிந்தாலும் நன்னா செய்தது அல்லாஹ்விடம் அழியாது என்றேன்.

"சரி, நன்னாவின் அத்தா பெயர் என்ன?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அன்றிரவே அம்மாவிடம் கேட்டு அறிந்தோம். மகன் தன் ஏட்டில் ஒரு கட்டம் வரைந்து, அதை வெறுமையாகவே விட்டான். அதன் கீழே இரண்டு பெயர்களை எழுதினான்.