தோட்டத்தில் ஒரு பேச்சு

1972-ல் வந்த 'காட்ஃபாதர்' படத்தில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் நண்பர்கள் எனக்குண்டு. எண்ணட்டும், பாவம்! ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் படம் பழசாகாததற்குக் காரணம், என்னைக் கேட்டால், தோட்டத்தில் கிழவர் விட்டோ மகன் மைக்கேலோடு பேசும் சில நிமிஷங்கள்தான். எதிரி யார் மூலமாக வருவான் என்று எச்சரிக்கிறார்; நடுவே பேரனைப் பற்றி விசாரிக்கிறார்; சொன்னதையே மறுபடியும் சொல்கிறார். இந்தத் தொழில் இவனுக்கு வேண்டாம், செனட்டராக, கவர்னராக வரட்டும் என்றிருந்தாராம். காலம் போதவில்லை. தம் வாழ்க்கைக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்காத மனிதர். ஆனால் மார்லன் பிராண்டோவின் குரல் என்னவோ கேட்டுவிடுகிறது.

இந்தக் காட்சியை எழுதியவர் நாவலாசிரியர் மரியோ பூஸோ அல்லர். டைரக்டர் கப்போலாவும் அல்லர். ராபர்ட் டவுன் என்பவர். திரையில் அவர் பெயர் வராது. 1973 ஆஸ்கார் மேடையில் கப்போலாவே அவருக்கு நன்றி சொன்னார். நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சற்று உறைக்கிற செய்திதான்.

என் தகப்பனாரும் கடைசி மாதங்களில், பேச்சுக்கு நடுவே, வாசல் கதவைத் தாழ் போட்டாயா என்று கேட்பார். போட்டாயிற்று என்பேன். சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்பார். நான் என்னவாக வரவேண்டும் என்று நினைத்திருந்தார் என்பதை மட்டும் அவர் சொல்லவே இல்லை.