காதால் வறுக்கும் காப்பி

ஏப்ரல் 12, சனி

பனி விட்டதும் கொல்லைப்புறத்து கேஸ் கிரில்லின் உறையை எடுத்தாயிற்று. மூன்று பர்னர், ஒரு புரொப்பேன் சிலிண்டர். டெட்ராய்ட் புறநகரில் இது இல்லாத வீடு குறைவு. எங்கள் வீட்டில் கத்திரிக்காய் சுடுவதோடு சரி; இனி அதற்குக் காப்பிக்கொட்டை வறுக்கும் உத்தியோகம். சூட்டுக்குப் பஞ்சமில்லை. மூடியைச் சாத்தினால் 260 டிகிரி செல்சியஸ் சுலபமாக ஏறும்; கொட்டைக்கு 220 சொச்சம் போதும். குறை சுழற்சியில். கோழி வாட்டும் கம்பியோடு வந்த மோட்டார் நிமிடத்துக்கு மூன்று நான்கு சுற்றுதான் சுற்றும். அந்த வேகத்தில் கொட்டை ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வெளிறி நிற்கும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொட்டையைப் போட்டுச் சுழற்றும் உருளையின் விட்டம் 15 சென்டிமீட்டர் என்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 109 சுற்றில் கொட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும், விழாது. அதில் பாதி வேகம் தேவை: கொட்டை மேலே ஏற வேண்டும், சரிந்து விழவும் வேண்டும். ஐம்பது சுற்று ஓடும் மோட்டாருக்கு எங்கே போவது? பழைய கார் உடைக்கும் யார்டுக்குத்தான். 12 வோல்ட் வைப்பர் மோட்டார், கியர் உள்ளேயே இருக்கிறது, வருஷக்கணக்காக மழையில் உழைக்கவென்றே செய்தது.

ஏப்ரல் 19, சனி

உருளைக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துளைத்தகடு. துளை 3 மில்லிமீட்டர், சிறு உருண்டையான பீபெரிக் கொட்டையும் நழுவாது. துத்தநாகம் பூசிய வலை மலிவாகக் கிடைத்தது. தொடவில்லை. துத்தநாகம் 420 டிகிரியில் உருகும். சுவாலைக்கு நேர் மேலே அந்தச் சூடு வரக்கூடியதே. துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் வரும். உள்ளே மூன்று துடுப்புத் தகடுகளைச் சற்றுச் சாய்வாக வைத்துப் பொருத்தினேன். அவை இல்லாவிட்டால் கொட்டை புரளாது, அடியிலேயே வழுக்கிக்கொண்டு கிடக்கும். கடைசியில் காலி உருளையைச் சுழலவிட்டு எண்ணெய்ப் பிசுக்கை எரித்தேன்.

“புகை உள்ளே வந்தா அலாரம் அடிக்கும். உங்க காப்பிக் கடையை அங்கேயே வச்சுக்குங்க” என்றாள் மனைவி.

ஏப்ரல் 27, ஞாயிறு

அரைக் கிலோ பச்சைக்கொட்டை, குடகு பீபெரி. மூடியைச் சாத்திய பிறகு கண்ணுக்கு வேலை இல்லை. திறந்து பார்த்தால் சூடு சரிந்துவிடும். மூடியில் பதித்த தெர்மாமீட்டர் சொல்வது மூடியடிக் காற்றின் சூட்டை. கொட்டையின் சூடு எப்போதும் அதற்குப் பின்னால்தான் வரும். சுழலும் உருளைக்குள் ஒயர் இழுப்பது என் கைக்கு எட்டாத வேலை. ஆக, மூக்கும் காதும். முதலில் ஈரவைக்கோல் வாசம், பிறகு ரொட்டி சுடும் வாசம். 200 டிகிரியை ஒட்டி உள்ளிருக்கும் நீராவியும் கரியமில வாயுவும் முட்டி, கொட்டை வெடிக்கும். அந்த முதல் வெடிப்புக்குக் காத்திருந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பினார். புகையின் நிறம் மாறியதை வைத்து இறக்கினேன். 425 கிராம் மிஞ்சியது, பதினைந்து சதவீத இழப்பு. மிதமான வறுவலுக்குச் சரியான கணக்கு, அதிர்ஷ்டம்தான்.

மே 3, சனி

இன்று விடிந்ததுமே ஆரம்பம். மோட்டாருக்கு அடியில் ரப்பர் கொடுத்து அதன் முனகலைக் குறைத்தேன். இவ்வளவு கட்டியதில் மிக உருப்படியான திருத்தம் அந்த ரப்பர் துண்டுதான் என்பேன். முதல் வெடிப்பு தெளிவாக, அழுத்தமாகக் கேட்டது. அது ஓய்ந்தபின் கொஞ்சம் மௌனம். அப்புறம் எண்ணெயில் கடுகு படபடப்பதுபோல இரண்டாவது வெடிப்பின் தொடக்கம். பில்டர் காப்பிக்கு அந்த வாசலில் நிறுத்துவது எனக்குப் பிடித்த இடம். உள்ளே போனால் கசப்பு. உடனே கேஸை அணைத்து, கையுறையோடு உருளையைக் கழற்றி, சல்லடையில் கொட்டி, மின்விசிறி முன்னால் வைத்தேன். ஆற வைக்காத கொட்டை தன் சூட்டிலேயே மேலும் வறுபடும். பர்னர் மேல் விழுந்த உமி இரண்டு முறை தீப்பற்றியது. கீழே ஒரு தட்டு வைக்க வேண்டும்.

மே 5, திங்கள்

கரியமில வாயு வெளியேறட்டும் என்று டப்பாவை இறுக்காமல் வைத்திருந்தேன். காலையில் அரைத்து, சிக்கரி சேர்க்காமலே டிகாஷன். நன்றாக இறங்கியது. அடுத்தது ரோபஸ்டா. அதைத் தனியாகத்தான் வறுக்கணும். பீபெரியோடு ஒரே உருளையில் போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் வெடிக்காது, யாருடைய சத்தத்தைக் கேட்டு இறக்குவது?