ஒளியும் உறுதியும்

மாணவப் பருவத்தில், தேசிய மாணவர் படை முகாமில் சுடுபயிற்சி முடிந்ததும் வெற்றுத் தோட்டா உறைகளைப் பொறுக்கி எண்ணி ஒப்படைப்போம். மின்னுவதே நல்லுறை என அன்று நாம் எண்ணியிருந்தோம். அது பிழையென்பதைப் பின்னாளில் நூல்வழி அறிந்தோம்.

துப்பாக்கித் தோட்டாவின் உறை, செம்பு 70, துத்தநாகம் 30 விழுக்காடு கலந்த பித்தளை. அதில் மீண்டும் மருந்திட்டுப் பயன்படுத்துவோர் முதலில் வாய்விளிம்பில் விரிசல் உளதா எனப் பார்ப்பர். பின்னர் நுனி வளைத்த கம்பியை உள்ளே செலுத்தி, அடிப்பகுதிச் சுவரை வருடுவர். கம்பி பள்ளத்தில் சிக்கினால், எத்துணைப் பளபளப்பாயினும் அவ்வுறையைக் கழித்துவிடுவர். அடுத்த வேட்டில் அஃது அவ்விடத்தே அறுந்து, சுடுபவர்க்கே கேடு விளைக்கக்கூடும்.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படையினர் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள், சுடப்படாமலே விரிசல் கண்டன. லாயத்து அம்மோனியா ஆவியும், உறையை உருவாக்கும்போது உள்ளே தங்கிய இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என 1921இல் விளக்கினர். இளஞ்சூட்டில் பதப்படுத்தினால் அவ்விறுக்கம் தணியும்.

மதிப்பெண்ணால் மின்னிய நம் மாணவர் ஒருவர் படிப்பை இடையிலேயே விட்டகன்றார். அவருள்ளத்து இறுக்கத்தை நாம் ஒருநாளும் வினவியதில்லை. ஒளி கண்டு நிறைவுற்ற பிழை நம்முடையதே. இன்று வருகைப்பதிவு எடுக்கையில், பெயரோடு முகத்தையும் பார்க்கிறோம்.