மூன்று நூல் போல்ட்

மும்பை கிராஃபோர்டு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் நாக்தேவி தெருவில், கையில் வெர்னியருடன் வந்து நாலே நாலு போல்ட் கேட்கும் ஆளைக் கடைக்காரர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். அங்கே வியாபாரம் பெட்டிக் கணக்கில், கிலோ கணக்கில். நாலு போல்ட் கேட்பவர் ஒன்று சிக்கனக்காரராக இருக்க வேண்டும், அல்லது சொந்தமாகக் கார் கட்டுகிறவராக இருக்க வேண்டும்.

இரண்டாவது ரகம் இந்த நகரத்தில் அபூர்வமில்லை. 1923 முதல் மாட்டுங்காவில் இயங்கும் வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரியில், பந்தயக் காரைத் தாங்களே கட்டும் மாணவர்கள் இருக்கிறார்கள். செம்பூர்ப் பக்கம் வீட்டுக் கராஜில் ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைக்கும் நடுவயதுக்காரர்களும் உண்டு. இவர்களுக்கு இன்ஜின் ஒரு பிரச்சினையே இல்லை. பழைய மாருதியின் இன்ஜினும் கியர்பாக்ஸும் குர்லாவில் முழுசாகக் கிடைக்கும். குழாய்களை வெல்டிங் செய்து சட்டம் போடலாம், ஃபைபரில் கூடு வார்க்கலாம். சஸ்பென்ஷனுக்கு வரும்போதுதான் எல்லோரும் திணறுகிறார்கள். இருப்பதிலேயே மலிவான சாமான் அந்த போல்ட். சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பதும் அதுதான். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று ஊரில் சும்மா சொல்லி வைக்கவில்லை.

முதல் குழப்பம் அளவில் தொடங்குகிறது. மும்பைக் கடையில் ‘தீன் சூத்’ என்பார்கள். தமிழ்நாட்டுப் பட்டறையில் அதுவே ‘மூணு நூல்’. இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான்: அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். மூன்று நூல் என்றால் 9.5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. 10 மில்லிமீட்டர் துளையில் அது சுலபமாக நுழையும், பார்ப்பதற்குச் சரியாகவும் இருக்கும். ஆனால் அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளி ஒவ்வொரு பள்ளத்திலும் தட்டித் தட்டித் துளையை முட்டை வடிவமாக்கிவிடும். பழைய ஜீப்பின் பாகங்கள் அங்குல மரை, குர்லாவில் தயாரான பத்மினியின் பாகங்கள் மெட்ரிக் மரை. இரண்டையும் கலந்து கட்டுபவர் இரண்டு டப்பா, இரண்டு செட் ஸ்பானர் வைத்துக்கொள்வது உத்தமம்.

அடுத்தது தரம். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் அதன் இழுவை வலு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். 10 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை இழுத்து அறுக்க நாலரை டன்னுக்கு மேல் வேண்டும். கேட் மாட்டும் சாதாரண எம்.எஸ். போல்ட்டுக்கு அதில் பாதிதான். பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது கீழ் ஆர்மின் மேல் வரும் விசை, சக்கரம் தரையில் வாங்கும் விசையைவிட அதிகம். அந்த நேரத்தில் கேட் போல்ட்டை நம்ப முடியாது. “அப்படியானால் 12.9 போட்டால் இன்னும் நல்லதுதானே?” என்று கேட்கும் உற்சாகிகள் உண்டு. அவ்வளவு கடினமான எஃகுக்குத் துத்தநாக முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிட்டால், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் படக்கென்று முறியும். சஸ்பென்ஷனுக்கு 8.8 அல்லது 10.9 போதும்.

தலையில் எண் இருப்பதும் முழு உத்தரவாதமில்லை. பொறிப்பவர் யோக்கியராக இருக்க வேண்டும். தெரிந்த பெயருள்ள சரக்கை மூடிய பெட்டியில் வாங்குவதே பத்திரம். 1966இல் சென்னை பாடியில் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் போல்ட்டுகள் மும்பையிலும் கிடைக்கின்றன. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சலுகை: சந்தேகப்பட்டதை ஆய்வுக்கூடத்து ராக்வெல் இயந்திரத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

பலர் கோட்டை விடுவது நீளத்தில். பிராக்கெட் தகடு இரண்டும் 4 மில்லிமீட்டர், நடுவே புஷ் 40 என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 48. 70 மில்லிமீட்டர் போல்ட் தாராளம் என்று தோன்றும். ஆனால் 10 மில்லிமீட்டர் போல்ட்டில் கடைசி 26 மில்லிமீட்டர் மரை. மழமழப்பான தண்டு 44தான். இரண்டாவது தகடு முழுக்க மரையின் மேலேயே உட்காரும். மரை தகட்டை அரம்போல ராவும். அதனால் 75 வாங்கி, ஒரு வாஷர் போட்டு முடுக்கி, வெளியே நீளும் மரையை வெட்டிவிட வேண்டும். நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரியட்டும். மாணவர் பந்தயங்களில் பரிசோதகர்கள் குனிந்து முதலில் எண்ணுவது அதைத்தான்.

வெட்டுவதற்கும் புஷ்ஷுக்குள் போகும் ஸ்லீவ் கடைவதற்கும் தாராவியில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. தமிழிலேயே பேசலாம்: “அண்ணாச்சி, மரையை மட்டும் வெட்டுங்க, தண்டுல கை வைக்காதீங்க.” ஆபத்து எங்கே என்றால், அண்ணாச்சியின் உதவும் குணத்தில். சரியான நீளம் கிடைக்கவில்லை என்று முகம் வாடினால், “எதுக்குத் தம்பி அலையிறீங்க, கம்பியிலேயே கடைஞ்சு தந்துடறேன்” என்பார். கடைந்தும் தருவார், அளவு தலைமுடி பிசகாது. ஆனால் அது எம்.எஸ். கம்பி! அழகான அந்த போல்ட்டைத் திரும்பக் கொடுப்பதற்குக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும்.

சொந்தக் கை வேலைக்கு நம் ஊரில் முன்னோடி இல்லாமல் இல்லை. கோவையைச் சேர்ந்த கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். 1995இல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரில் அமைந்த கோவைத் தடத்தில்தான் மாணவர்கள் கட்டும் கார்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டிகள் நடக்கின்றன.

தடத்துக்கு வெளியே கதை வேறு. அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தின் சான்று இல்லாமல் எந்தக் காரும் பதிவு பெறாது. 2021இல் சாங்லி மாவட்டக் கொல்லர் ஒருவர் பழைய இரும்பில் செய்த குட்டி ஜீப்பை நாடே ரசித்தது. ஆனந்த் மகிந்திராவும் பாராட்டினார், விதிமுறைகள் அதை ஓட விடாது என்றும் சொன்னார், பதிலுக்கு ஒரு பொலேரோ கொடுத்தார். வீட்டுக் காரர்களுக்கு மிஞ்சுவது பந்தயத் தடமும் சொந்த நிலமும்தான்.

அங்கே ஓட்டினாலும் போல்ட் போல்ட்தான். நைலாக் நட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டக் கூடாது, பிரேக் டிஸ்க்கின் சூட்டுக்கு அருகிலும் கூடாது. அங்கே காட்டர் பின் போட்ட நட். 10 மில்லிமீட்டர் 8.8 போல்ட்டை டார்க் ஸ்பானரில் சுமார் 45 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கியதும், நட்டிலிருந்து பிராக்கெட் வரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிடுகிறார்கள். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் டார்ச் அடித்துப் பார்ப்பது, கோடு உடைந்திருக்கிறதா என்று.