‘மட்டும்’ என்ற ஒரு சொல்

காசோலையில் தொகையை எழுத்தால் எழுதிய பிறகு ‘மட்டும்’ என்று முடித்து, மிச்ச இடத்தில் ஒரு கோடு இழுக்கிறோம். வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு அது கையோடு வந்த பழக்கம். ‘ரூபாய் எட்டு’ என்று விட்டுவிட்டால், பின்னால் வருபவர் ‘லட்சம்’ என்று சேர்த்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? எழுத்து இத்தோடு முடிந்தது என்று சொல்ல ஓர் அடையாளம் வேண்டும்.

இணையதளங்களுக்கும் இதே கவலை உண்டு என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் நடக்கிறது. அதில் இரங்கல் பக்கம் ஒன்று இருக்கிறது. உறுப்பினர் யாராவது காலமானால், கூட வேலை பார்த்தவர்கள் அங்கே பின்னூட்டம் எழுதுவார்கள். மறைந்த தோழரின் மனைவி ஒருவர், ‘இவர் ஆபீசில் இவ்வளவு சிரிப்பாராமே, எனக்கே தெரியாது’ என்று போனில் சொன்னார். சென்ற கமிட்டிக் கூட்டத்தில், ‘பின்னூட்டம் வழியாகத்தான் விஷமிகள் நுழைகிறார்களாம், அந்தப் பெட்டியை மூடிவிடலாம்’ என்று பேச்சு வந்தது. பயம் நியாயமானதுதான். ஆனால் மூடுவதற்கு முன் விஷயம் என்ன என்று பார்க்க வேண்டாமா?

இந்த வகைத் தாக்குதலுக்கு ‘கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்’ என்று பெயர். 2000-ஆம் ஆண்டிலேயே வைத்த பெயர். பெயர்தான் பயமுறுத்துகிறது, சங்கதி எளிது. வாசகர் எழுதும் இடத்தில் ஒருவர் எழுத்துக்குப் பதில் கட்டளையை எழுதிவிடுகிறார். அந்தப் பக்கத்தைத் திறப்பவரின் பிரவுசர், அதைத் தளமே சொன்ன கட்டளை என்று நம்பி நிறைவேற்றிவிடுகிறது. அதனால்தான் இத்தகைய மென்பொருள்கள், வருகிற எழுத்தைச் சலித்துப் பார்த்து, கட்டளை போல் தோன்றுவதை நீக்கிவிடுகின்றன.

அந்தச் சல்லடையையும் ஏமாற்றிய கதை ஒன்று உண்டு. 2015 ஏப்ரல் 26 அன்று, பின்லாந்து நாட்டு ஆய்வாளர் யோகோ பின்னோனென் அதை வெளியிட்டார். மேற்கோள்குறிகளுக்கு நடுவே இருப்பது வெறும் எழுத்து, அதனால் ஆபத்தில்லை என்று சல்லடை விட்டுவிடும். விஷமி கட்டளையை மேற்கோள்குறிக்குள் வைத்து, பின்னால் ஒரே எழுத்தை ஆயிரக்கணக்கில் நிரப்பி, பின்னூட்டத்தை 64 கிலோபைட்டுக்கு மேல் நீட்டிவிடுவார். சோதனையில் அது தேறிவிடும். ஆனால் சேமித்து வைக்கும் தரவுத்தளத்தில் அந்தக் கட்டத்துக்கு 64 கிலோபைட்தான் இடம். மீதியை அது சத்தமில்லாமல் வெட்டிவிடும். வெட்டுப்பட்டதில் முடிவிலிருந்த மேற்கோள்குறியும் போய்விடும். ‘மட்டும்’ போய்விட்டது! உள்ளே அடங்கிக் கிடந்த எழுத்து, இப்போது கட்டளையாக வெளியே நிற்கிறது.

சோதித்தது ஒன்று, சேமித்தது வேறொன்று. பில்லைப் பாஸ் செய்த பிறகு ஓரத்தைக் கிழித்துக் கோப்பில் வைத்தால் எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

தள நிர்வாகி உள்நுழைந்த நிலையில் அந்தப் பக்கத்தைப் பார்த்தால், அவருடைய அதிகாரம் முழுவதும் அந்தக் கட்டளைக்குக் கிடைத்துவிடும். கடவுச்சொல்லை மாற்றலாம், புதிய நிர்வாகியைச் சேர்க்கலாம். இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. புதியவரின் முதல் பின்னூட்டத்துக்குத்தான் வேர்ட்பிரஸ் வழக்கமாக அனுமதி கேட்கும். ‘நல்ல பதிவு, நன்றி’ என்று ஒரு வரி எழுதி நல்ல பிள்ளையாக ஒரு முறை உள்ளே வந்துவிட்டால், அடுத்தது தானாக வெளியாகிவிடும்.

மறுநாளே, ஏப்ரல் 27-ஆம் தேதி, 4.2.1 என்ற திருத்திய பதிப்பு வந்துவிட்டது. அதைப் போட்டவர்களுக்கு அந்த ஓட்டை அடைபட்டது. போடாதவர்களின் தளத்திலோ ஊரறிந்த ஓட்டை அப்படியே திறந்து கிடக்கும். திருடனுக்கு அதைவிட என்ன வசதி வேண்டும்?

இதையெல்லாம் கமிட்டியில் விளக்கினேன். நான்கு முடிவுகள் எடுத்தோம். மென்பொருளுக்கும் அதோடு சேர்ந்த ப்ளக்இன்களுக்கும் புதிய பதிப்பு வந்தால் தள்ளிப்போடாமல் போட்டுவிடுவது. பழைய உறுப்பினரானாலும் ஒவ்வொரு பின்னூட்டத்தையும் மட்டுறுத்துவது. மட்டுறுத்தும் நண்பருக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு கொடுப்பது. உறுப்பினர்களின் தொலைபேசி எண், ஓய்வூதியக் கணக்கு எண் உள்ள பட்டியலைத் தளத்திலிருந்தே எடுத்துவிடுவது. இல்லாத பொருளை யாரும் திருட முடியாதே.

பொருளாளருக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. ‘புதுசாக வேறு ஓட்டை வந்தால்?’ என்றார். வரத்தான் செய்யும், வந்தால் அடைப்போம் என்றேன். கள்ளக் கையெழுத்துக்குப் பயந்து நாம் கவுண்டரை மூடியதில்லை.

இரங்கல் பக்கம் திறந்தே இருக்கிறது. நீங்கள் எழுதுவது வெளியாக ஒரு நாள் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள். யாரோ ஒருவர் அதைக் கடைசி எழுத்து வரை படித்துக்கொண்டிருக்கிறார்.